ஒரு விடுப்பு விண்ணப்பமும் சிறைப்புறமும்

அன்புள்ள தளைதட்டிக்கு,

உன் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை எழுத உட்கார்ந்தேன், இரண்டு தடவையும் விடைத்தாள் கட்டு வந்து சேர்ந்துவிட்டது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஒரு தடவைதான் வந்தது. மற்றது சோம்பல். திட்டுவதையெல்லாம் சேர்த்துவைத்து அடுத்த கடிதத்தில் மொத்தமாகத் திட்டிவிடு. கண் அறுவை நல்லபடி முடிந்தது என்று உன் தங்கை சொன்னாள். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு. எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உயரம்தான் இன்னும் கூடவில்லை. மற்றபடி எல்லோரும் நலம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தாளில் வழக்கமான கேள்வி ஒன்று வைத்திருந்தேன்: இரண்டு நாள் விடுப்பு வேண்டித் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதுக. ஐந்து மதிப்பெண். திருத்துகிறவளுக்கு அது ஓய்வு நேரம் மாதிரி. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, காய்ச்சல், தங்கள் உண்மையுள்ள. நாற்பது பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல். கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடலாம்.

அப்படிப் போட்டுக்கொண்டே வரும்போது ஒரு பெண்ணின் தாள். மேலே எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருந்தது. ‘ஐயா’வுக்குக் கீழே இப்படி: “எனக்குக் காய்ச்சல் இல்லை. அம்மா நேற்று இரவு வீட்டை விட்டுப் போய்விட்டார். தம்பி எழுந்ததும் கேட்பான். அவனுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு நாளில் நான் ஏதாவது பதில் யோசித்துவிடுவேன். ஆகவே விடுப்பு வேண்டுகிறேன்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்பு மையில் ‘காரணம் சுருக்கமாக, பொருத்தமாக இருக்க வேண்டும்’ என்று எழுதி, இரண்டரை போட்டு, அடுத்த தாளைப் புரட்டினேன். இருபத்திரண்டு வருட அனுபவம்டீ. கை தானாகப் போகிறது.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் உறைத்தது. ஒருவேளை அது உண்மையாக இருந்தால்?

மறுநாள் இடைவேளையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முகத்தில் ஒன்றும் இல்லை. “சும்மா எழுதினது மிஸ். நிஜ லீவ் லெட்டர்லதான் காய்ச்சல்னு பொய் எழுதணும். பரிட்சையில எதுக்கு?” என்றாள். பதிவேட்டைப் பார்த்தேன். வீட்டுக்கு ஒரே பிள்ளை. தம்பியே கிடையாது. எனக்குப் பெரிய நிம்மதி. கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்வேன். விண்ணப்பம் கேட்டால் சிறுகதை எழுதியிருக்கிறாளே! அத்தோடு மறந்துவிட்டேன். மறந்திருக்கக் கூடாது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அந்தத் தாள் கிளப்பிவிட்டதுதான் மற்றதெல்லாம். இலக்கிய வகைமை நடத்துகிறேன் பேர்வழி என்று இத்தனை வருடம் நான் செய்தது வரையறைகளை ஒப்பிக்க வைத்ததுதான். ‘ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியது சிறுகதை’ என்று வகுப்பே கோரஸாகச் சொல்லும். இந்த வருடம் ஒரு பயல் எழுந்து, “நான் மெதுவா படிப்பேன் மிஸ், எனக்கு ரெண்டு நாள் ஆகும். அப்ப எனக்கு மட்டும் அது நாவலா?” என்று கேட்டான். உட்கார் என்றேன். வேறென்ன சொல்வது? அவன் கேட்டது சரிதானே.

அதனால் வரையறையைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு மிதிவண்டி காணாமல் போய்விட்டது. அதை நான்கு விதமாக எழுது: அறிவிப்புப் பலகைக்கு, தலைமையாசிரியருக்குப் புகாராக, நண்பனுக்குக் கடிதமாக, கடைசியில் நான்கு வரிக் கவிதையாக. முதல் நாள் ஒரே கூச்சல். இரண்டாம் நாள் படித்துக் காட்டச் சொன்னபோதுதான் எனக்கே சுவாரசியம் பிடித்தது. அறிவிப்பில் எல்லோரும் நிறம் எழுதியிருந்தார்கள். புகாரில் நிறம் போய்த் தேதியும் நேரமும் வந்துவிட்டன. கடிதத்தில் அந்த வண்டி யார் வாங்கிக் கொடுத்தது என்பது வந்துவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கவிதைதான் பெரும்பாலும் சொதப்பல். ‘வண்டியே வண்டியே எங்கே சென்றாய்’ ரகம். ஆனால் எப்போதும் கடைசி பெஞ்சில் தூங்குகிற ஒருவன் இரண்டே வரி எழுதியிருந்தான்:

பூட்டு என்னிடம் இருக்கிறது
சாவியும் என்னிடம் இருக்கிறது

மிச்ச இரண்டு வரி எங்கே என்றேன். “அதைத்தான் மிஸ் காணோம்” என்றான். நமக்குப் பாடம் நடத்திய ஐயா இருந்திருந்தால் மேஜையைத் தட்டியிருப்பார்.

இன்னொன்று கேள், உன் இலக்கணப் பைத்தியத்துக்கு இது தீனி. புகாரில் முக்கால்வாசிப் பேர் ‘மிதிவண்டி தொலைந்துவிட்டது’ என்று எழுதியிருந்தார்கள். அதே பிள்ளைகள் நண்பனுக்கு எழுதும்போது ‘தொலைத்துவிட்டேன்டா’ என்கிறார்கள். இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, என்ன வித்தியாசம் என்று கேட்டேன். “முதல்ல எழுதினதுல நான் இல்ல மிஸ்” என்றாள் ஒருத்தி. தன்வினை, பிறவினை என்று ‘திருந்தினான், திருத்தினான்’ உதாரணத்தை எத்தனை வருடம் எழுதிப் போட்டிருப்போம்! ஒரு ‘த்’தில் பழி யார் தலையில் விழுகிறது என்பது மாறிவிடுகிறது. ஜன்னல் கண்ணாடி எப்போதும் ‘உடைந்துவிட்டது மிஸ்’தான், இருபத்திரண்டு வருடத்தில் ஒருத்தர்கூட ‘உடைத்துவிட்டேன்’ என்று சொன்னதில்லை. இதைச் சொன்னதும் வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிட்டது. இலக்கணம் தனி, இலக்கியம் தனி, முதலில் இலக்கணத்தை முடி என்று போன கடிதத்தில் உபதேசம் செய்திருந்தாயே, அது தப்பு. நேரில் வா, சண்டை போடலாம்.

அப்புறம் குறுந்தொகைக்குப் போனேன். நாற்பதாம் பாட்டு, வேறு எது? ஐந்தே அடி. ‘யாயும் ஞாயும்’ என்று ஆரம்பித்ததுமே ‘நாய்’ என்று ஒரு குரல், குபீர்ச் சிரிப்பு. சிரித்து முடியட்டும் என்று விட்டுவிட்டு எழுதிப் போட்டேன்: யாய் என்றால் என் தாய், ஞாய் உன் தாய், தாய் என்பது அவனுடைய அல்லது அவளுடைய தாய். எந்தை, நுந்தை, தந்தை. அப்படியானால் நாம் இன்று ‘என் தாய்’ என்கிறோமே, அதைப் பிரித்துப் பார் என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. “என்... அவனோட அம்மாவா?” என்று ஒரு பெண் திகைத்துப் போய்க் கேட்டாள். தம்பிக்கும் அப்படியே, என் தம்பி எம்பி என்றதும் அவ்வளவுதான், அன்று முழுக்க வகுப்பில் எல்லோரும் எம்.பி. தாங்க முடியவில்லை.

ஆனால் ஒரு தப்பும் நடந்தது. பாட்டில் ‘யானும் நீயும்’ வந்த இடத்தில் பின்னாலிருந்து ஒருவன் இரண்டு பெயரைச் சேர்த்துக் கத்தினான். வகுப்பே ஓவென்றது. அந்தப் பெண் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை வெளியே அனுப்பியிருப்பேன். அனுப்பவில்லை. பெயர் வருவதற்கு முன்னால் இது என்னவாக இருந்தது, வந்த பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. இதற்குத்தான் அலர் என்று பெயர், ஊர் வாயில் விழுவது என்றேன். அகத்திணையில், அதாவது காதல் பாட்டில், ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்கிற தொல்காப்பிய விதியை அப்போதுதான் சொன்னேன். ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்பதை நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்தோம். அதற்கு எதிரே ஒரு பெண் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தால்தான் அந்த விதி எதற்கு என்று தெரிகிறது.

நெடுநல்வாடைக் கதையையும் சொன்னேன். 188 அடிச் சங்கப் பாட்டு, பிரிந்திருக்கும் தலைவி, பாசறையில் தலைவன், பெயரே கிடையாது. ஆனால் வேலில் வேம்பு கட்டியிருந்தது என்று ஒரு இடத்தில் வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ, ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, ஆகவே இது அகம் இல்லை, புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “ஒரு பூவுக்கா மிஸ்?” என்று கேட்டார்கள். ஆமாம், ஒரு பூவுக்குத்தான்.

இனித்தான் நான் சொல்ல வந்தது.

போன வியாழக்கிழமை கூற்று நடத்தினேன், அகப்பாட்டில் யார் யாரிடம் பேசுகிறார் என்பதை. ஐயா எப்படி ஆரம்பிப்பார் என்று நினைவிருக்கிறதா? புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “யார் பேசுகிறார்? யாரிடம்? யாருக்குக் கேட்க வேண்டும் என்று?” அந்த மூன்றாவது கேள்வியில்தான் நம் மூன்றாம் பெஞ்சே முழிக்கும். அதைத்தான் இவர்களிடமும் கேட்டேன். தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நிற்கிறான், அதுதான் சிறைப்புறம். தோழி தலைவியிடம் பேசுவதுபோல் பேசுகிறாள். உண்மையில் அவன் காதில் விழுவதற்காகத்தான் பேசுகிறாள். ‘தலைமகன் சிறைப்புறத்தானாகத் தோழி தலைமகட்குச் சொல்லியது.’ பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. ஜாடை பேசுவது என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்போது அந்த விண்ணப்பக்காரி கையைத் தூக்கினாள். “வெளியில நிக்கிறவனுக்குக் காதுல விழலைன்னா தோழி என்ன மிஸ் பண்ணுவா?”

“மறுபடியும் சொல்லுவாள்” என்றேன்.

“எத்தனை தடவை?”

கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பாடத்தைத் தொடர்ந்தேன். இரண்டு வரி போயிருப்பேன், கை நின்றுவிட்டது. அவளுக்குத் தம்பி கிடையாது. அவள் பக்கத்தில் உட்காருகிறவளுக்கு இருக்கிறான். ஒரு மாதமாகப் பாதி நாள் வராதவள். வருகிற நாளில் முதல் பாட வேளையில் தூங்குகிறவள். நான் இரண்டு முறை எழுப்பி நிற்க வைத்தவள்.

தலைமையாசிரியருக்கு என்று முகவரி போட்டு எழுதினாளே, அந்தத் தாளை அவர் பார்க்கவே போவதில்லை என்று அவளுக்குத் தெரியாதா? திருத்துவது நான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது நான். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறாள். நான் சிவப்பு மையில் ‘பொருத்தமாக’ என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று மாலையே அந்த இன்னொரு பெண்ணிடம் பேசினேன். வீட்டில் யாரிடம் பேசவேண்டுமோ அவர்களிடமும் பேசியாகிவிட்டது. இப்போது கொஞ்சம் பரவாயில்லை. காலையில் தாமதமாக வந்தால் ஏன் என்று கேட்காமல் உள்ளே விடச் சொல்லியிருக்கிறேன். யார், என்ன, எப்படி என்பதை உனக்கும் எழுதமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே, விதி அப்படி.

மறுநாள் எழுதியவளைக் கூப்பிட்டு, அந்தக் கேள்விக்கு மதிப்பெண்ணை மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். அவசரமாக மறுத்தாள். “வேணாம் மிஸ். திடீர்னு ஏன் ஏத்துனாங்கன்னு தாளை வாங்கிப் படிப்பாங்க.” இரண்டரை அப்படியே இருக்கிறது.

இப்போது என் பிரச்சினை இதுதான். ஆண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் போடவேண்டும். அந்த விண்ணப்பக் கேள்வியை எடுத்துவிட நினைத்தேன். அப்புறம், அதை எடுத்துவிட்டால் அடுத்தவள் எங்கே எழுதுவாள் என்றும் தோன்றுகிறது. வைத்தால் எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. நாற்பது காய்ச்சலையும் நாற்பது தடவை உட்கார்ந்து படிக்க வேண்டும். நீ வினாத்தாள் குழுவில் இருந்தவள், யோசித்து எழுது. சீக்கிரம் எழுது, எட்டு மாதம் எடுத்துக்கொள்ள உனக்கு உரிமை இருக்கிறது, ஆனால் வினாத்தாளைப் பதினைந்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். ஐயாவின் கூற்றுக் குறிப்பேடு உன்னிடம்தானே இருக்கிறது? இல்லை என்று பொய் சொல்லாதே. படியெடுத்து அனுப்பு.

அன்புடன்,
குற்றியலுகரம்