சென்ட்டும் உங்கள் சிக்கனப் பாடமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பொருளாதார மந்தநிலைக் கட்டுரையில், "கையில் காசு குறைந்தால் மக்கள் முதலில் கைகழுவுவது சென்ட் போன்ற வீண்செலவுகளைத்தான்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார் உங்கள் கட்டுரையாளர். யாரைக் கேட்டு எழுதினாரோ, என்னைக் கேட்கவில்லை.

அலுவலகத்தில் சம்பளத்தைக் குறைத்தபோது நான் முதலில் நிறுத்தியது புதுத்துணி. அப்புறம் வெளியூர்ப் பயணம். அதற்கும் அப்புறம் உங்கள் சந்தா (இரவல் வாங்கிப் படித்தேன், பொறுத்தருள்க). சென்ட்டை விடவில்லை. நூறு மில்லி பாட்டில் பத்து மில்லியாகச் சுருங்கியது. தினமும் அடித்ததை நேர்முகத் தேர்வுக்கும் விசேஷங்களுக்கும் என்று ஒதுக்கி வைத்தேன். பீச்சும் தலையைக் கழற்ற முடியாத அந்தப் பாட்டிலைச் சாய்த்து, உள்ளே குழாயின் நுனி இருக்கும் மூலையில் மிச்சத்தைத் தேங்கவைத்து, கடைசிப் பீச்சலையும் கறந்தவள் நான். எனக்கா வீண்செலவைப் பற்றிப் பாடம்?

தாங்கள் அறியாததல்ல. 1929 பங்குச் சந்தைச் சரிவை அடுத்து, 1930இல், பாரிஸின் ழான் பட்டூ ஆடை நிறுவனம் 'ஜாய்' என்ற சென்ட்டை உலகிலேயே விலை கூடியது என்று பறைசாற்றியே விற்றது. பாரிஸ் உடை வாங்க வக்கற்றுப்போன பணக்காரிகளை மனதில் வைத்துத்தான் அது வந்ததாகச் சொல்வார்கள். 2001இல் எஸ்டீ லாடர் அழகுசாதன நிறுவனத்தின் லியோனார்ட் லாடர், நெருக்கடியில் லிப்ஸ்டிக் விற்பனை ஏறுகிறது என்றார். அதைத் தாங்களே எத்தனை முறை பெட்டிச் செய்தியாகப் போட்டீர்கள்! 2008 சரிவில் அந்த லிப்ஸ்டிக் கணக்கு சரியாக எடுபடவில்லை; அந்தச் செய்தி மட்டும் உங்கள் இதழில் வரவே இல்லை. கொரோனாவில் முகக்கவசத்துக்குள் உதட்டுச் சாயத்தை யார் பார்த்தார்கள்? 2021இல் அமெரிக்காவில் எகிறியது சென்ட் விற்பனைதான். அதையும் போடவில்லை.

சிக்கனச் சிறப்பிதழ் என்றால் பெண்களின் கைப்பையைத் துழாவுவது உங்கள் வழக்கம். அதே இதழின் பின்னட்டையில் முழுப்பக்கக் கார் விளம்பரம். போன தடவை இதைக் கேட்டு எழுதினேன். கடிதத்தின் பாராட்டு வரிகள் இரண்டு மட்டும் அச்சேறின. பெருந்தன்மைக்கு நன்றி.

காசு இல்லாதவர்தான் சென்ட்டுக்கு அதிகம் கொடுக்கிறார் என்பதல்லவா எழுத வேண்டிய சேதி? சின்ன பாட்டிலில் ஒரு மில்லியின் விலை பெரும்பாலும் பெரிய பாட்டிலைவிடக் கூடுதல். விலை மலிவு என்று ஓ த பர்ஃபம் என்ற அடர்த்தியான வகையை விட்டு ஓ த துவாலெட் என்ற நீர்த்த வகைக்கு இறங்கினால், அதில் வாசனை எண்ணெய் குறைவு, மதியத்துக்குள் பறந்துவிடுகிறது. மறுபடி அடிக்க வேண்டும், பாட்டில் சீக்கிரம் காலி. கடன்காரனுக்கு வட்டி கட்டுவது போலத்தான். உங்கள் சென்ட் அறிமுகப் பக்கமோ பாட்டிலின் அழகை வர்ணித்தே முடிந்துவிடுகிறது.

கட்டுரையாளர் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு சென்ட்டுக்கும் மில்லிக்கு என்ன விலை, எந்த வகை என்று ஒரு வரி சேருங்கள். இந்தக் கடிதத்தையும் வெட்டத்தான் போகிறீர்கள். வெட்டும்போது பாராட்டைத் தேடாமல், இந்த வேண்டுகோளை விட்டுவைத்தால் போதும்.

இப்படிக்கு,
மீண்டும் சந்தா கட்டிய வாசகி