கொட்டைக்கு விலை பேசும் நாளிலேயே டாலருக்கும் விலை கட்டுங்கள்: குமரி மாவட்ட முந்திரி ஆலை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமாருக்கு, வணக்கம்.

மார்த்தாண்டம், கருங்கல், மேல்புறம் பக்கத்து ஆலைகளுக்குக் கணக்குப் பார்க்கிறவன் நான். அதற்கு முன் சென்னையில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் டிரெஷரி பிரிவில், அதாவது பணத்தையும் அந்நியச் செலாவணியையும் கவனிக்கிற பிரிவில், வேலை பார்த்தேன். அங்கே அன்றாட வழக்கமாக இருந்த ஒரு காரியம் இங்கே பெரும்பாலான ஆலைகளில் நடப்பதே இல்லை. பின்னால் கட்டவேண்டிய டாலரின் விலையை முன்கூட்டியே பூட்டி வைப்பதுதான் அது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உங்கள் காஸ்டிங் தாளை, அதாவது அடக்கவிலைக் கணக்கை, எடுத்துப் பாருங்கள். 80 கிலோ மூட்டையில் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று அவுட்டர்னை அரை பவுண்டு சுத்தமாக எழுதியிருப்பீர்கள். உடைப்புக் கூலி, தோல் உரிக்கும் கூலி, விறகு, தூத்துக்குடியிலிருந்து லாரி வாடகை, 320 ரக முழுப் பருப்பு எவ்வளவு வரும், பிளந்த பருப்பு எவ்வளவு போகும், எல்லாம் இருக்கும். டாலர் என்ற இடத்தில் மட்டும் அன்றைக்கு டிவியில் பார்த்த விலை. ஆனால் பணம் கட்டப்போவது அன்றைக்கா? கப்பல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்து, எல்சி, அதாவது வங்கி கொடுத்த கடன் உறுதிக் கடிதத்தின், கெடு முடியும்போதுதானே.

100 டன் கொட்டை, டன்னுக்கு 1,400 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,40,000 டாலர். ரூபாய் 85-ல் இருக்கும்போது ஒப்பந்தம் போட்டு, கட்டும் நாளில் 88 ஆகிவிட்டால் 4,20,000 ரூபாய் கூடுதல். இது கற்பனை இல்லை. 2013 மே தொடக்கத்தில் 54 பக்கம் நின்ற டாலர் ஆகஸ்ட் கடைசியில் 68-ஐத் தாண்டியது. 2025 டிசம்பரில் 90-ஐயும் கடந்தது.

நம் அப்பாமார் காலத்தில் இது இவ்வளவு உறுத்தவில்லை. கொட்டையை டாலரில் வாங்கினார்கள், பருப்பையும் டாலரில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் விற்றார்கள். டாலர் ஏறினால் வாங்குவதில் போனது விற்பதில் வந்துவிடும். பிறகு வியட்நாம் உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. நம் நாட்டில் உடையும் பருப்பில் பெரும்பகுதியை இப்போது நம் நாட்டு மிட்டாய்க்கடைகளும் வீடுகளும்தான் வாங்குகின்றன. வாங்குவது டாலரில், விற்பது ரூபாயில். பழைய பாதுகாப்பு போய்விட்டது. பழைய பழக்கம் மட்டும் நிற்கிறது.

பெரிய நிறுவனங்கள் என்ன செய்கின்றன? முதலில் தங்களுக்குள்ளேயே கழித்துப் பார்க்கும். ஒரு கிளைக்கு யூரோ வரவேண்டியிருக்கும், இன்னொரு கிளை யூரோ கட்டவேண்டியிருக்கும். அதை நேர் செய்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் கவர் எடுக்கும், அதாவது விலையை முன்கூட்டியே பூட்டிக்கொள்ளும். அந்த மிச்சத்தையும் ஒரே நாளில் பூட்டுவதில்லை. அடுத்த மூன்று மாதத்துக் கட்டணத்துக்குப் பெரும்பங்கு, அதற்கடுத்த மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று படிப்படியாகப் போகும். எவ்வளவு சதவீதம் என்பதை இயக்குநர் குழு முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும். டாலர் ஏறுமா இறங்குமா என்று டிரெஷரியில் இருக்கிறவர் வாட்ஸ்அப்பில் கேட்டு முடிவு செய்ய முடியாது.

நமக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். வங்கியில் ஒரு பார்வர்டு போதும். மூன்று மாதம் கழித்து இந்த விலைக்கு இத்தனை டாலர் வாங்கிக்கொள்கிறேன் என்ற ஒப்பந்தம், அவ்வளவுதான். அமெரிக்க வட்டியைவிட நம் வட்டி கூடுதல் என்பதால் பார்வர்டு விலை இன்றைய விலையைவிடச் சற்றுக் கூடவே இருக்கும். இன்றைய விலை 85, பார்வர்டு விலை 85 ரூபாய் 45 காசு என்றால், மேலே சொன்ன 100 டன் லாட்டுக்கு (சரக்குத் தொகுதிக்கு) 63,000 ரூபாய் கூடுதல். அதை விறகுச் செலவு போலக் காஸ்டிங்கில் ஒரு வரியாக எழுதிவிடலாம். பருப்பை என்ன விலைக்கு விற்றால் கட்டுப்படியாகும் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

சரி, டாலர் இறங்கிவிட்டால்? நான் அதிகம் சண்டை போடுவது இந்த இடத்தில்தான். 85.45-க்குப் பூட்டியபின் டாலர் 84-க்கு வந்தால், ‘பேங்க்காரன் 2 லட்சம் தின்னுட்டான்’ என்று சொல்லி அடுத்த லாட்டுக்குக் கவரே வேண்டாம் என்பார்கள். இதே சண்டை பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 1985 ஜனவரியில் ஜெர்மனியின் லுஃப்தான்சா விமான நிறுவனம் 50 கோடி டாலருக்கு 20 போயிங் விமானங்கள் வாங்க ஒப்புக்கொண்டது. அதன் தலைவர் ஹைன்ஸ் ருனாவ் பாதித் தொகைக்கு பார்வர்டு எடுத்தார். ஒரு வருடத்தில் டாலர் பலமாக இறங்கியது. பூட்டியது தப்பு என்று ஒரு கூட்டமும், பாதியைத் திறந்து விட்டது தப்பு என்று இன்னொரு கூட்டமும் அவரைத் திட்டின. இரண்டுமே விலை தெரிந்தபின் சொன்ன பேச்சு. கவர் எடுத்த முடிவைக் கவர் எடுத்த நாளில் நின்றுதான் எடைபோட வேண்டும்.

இந்தக் குழப்பத்தில் பாதி கணக்கெழுதும் முறையால் வருகிறது. பார்வர்டு லாப நஷ்டத்தைத் தனித் தலைப்பில் போட்டால் அது சூதாட்ட நஷ்டம் போலத் தெரியும். பெரிய நிறுவனங்களுக்கான இந்தியக் கணக்கியல் தரம் 109 இதற்கென்றே வழி வைத்திருக்கிறது. வரப்போகும் சரக்குக்காக எடுத்த கவரின் ஏற்ற இறக்கம், கவர் பொருந்தியிருக்கும் அளவுக்கு, லாப நஷ்டக் கணக்குக்குப் போகாமல் ஒரு தனி இருப்பில் காத்திருக்கும். சரக்கு வந்ததும் அதன் விலையிலேயே சேர்ந்துவிடும். அப்போது ஏட்டில் கொட்டையின் விலை 85.45 கணக்கில் நிற்கும். நீங்கள் முடிவெடுத்த விலையும் அதுதானே. ஆனால் ஒரு நிபந்தனை: எந்த ஒப்பந்தத்துக்கு எந்தக் கவர் என்று கவர் எடுக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். மார்ச்சில் ஆடிட்டர் கேட்கும்போது பின்தேதி போட்டு எழுத முடியாது. அந்தத் தரத்துக்குள் வராத சிறு ஆலைகளுக்குத் தரம் 11-ம், பட்டயக் கணக்காளர் கழகத்தின் வழிகாட்டுக் குறிப்பும் இருக்கின்றன. எது உங்களுக்குப் பொருந்தும் என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். எதுவானாலும், முதலாளி பார்க்கிற காஸ்டிங் தாளிலாவது கவரும் கொட்டையும் ஒரே வரியில் வரட்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2007, 2008-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலர் கவர் என்ற பெயரில் யென், சுவிஸ் பிராங்க் சம்பந்தப்பட்ட சிக்கலான ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டார்கள். விற்பது டாலரில், சுவிஸ் பிராங்குக்கும் பனியனுக்கும் என்ன தொடர்பு? பலர் பெருநஷ்டப்பட்டு நீதிமன்றம் வரை போனார்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை டெரிவேட்டிவ் என்பார்கள்; அந்த விதிகளை மீறியதற்காக 2011-ல் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் போட்டது. அபராதம் போட்டதால் போன பணம் யாருக்கும் திரும்பவில்லை. கொட்டை ஒப்பந்தத்தின் தொகையும் தேதியும் பொருந்தாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ‘செலவே இல்லாத கவர்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதேபோல வங்கி சொல்லும் விலையை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. சிறு வாடிக்கையாளர்களும் சந்தை விலையைப் பார்த்து டாலர் வாங்கவென்று 2019-ல் எஃப்எக்ஸ்-ரீடெய்ல் தளம் வந்தது. அங்கே விலையைப் பார்த்துவிட்டு மேலாளரிடம் பேசுங்கள். 10 காசு குறைத்தாலும் இந்த லாட்டுக்கு 14,000 ரூபாய்.

டாலரில் அடிபட்ட ஆலை முதலில் குறைப்பது வேலை நாளைத்தான். கொட்டை எண்ணெயில் கை கறுத்துப்போன பெண்கள் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) கேட்டுக்கு முன் வந்து, ‘இன்னிக்கு வேலை இல்ல’ என்று கேட்டுத் திரும்பிப் போவதை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். அவர்கள் வீட்டில் அடுப்பெரிவது இந்த 3 ரூபாய் வித்தியாசத்தில் நிற்கக் கூடாது.

பிப்ரவரி வாக்கில் மேற்கு ஆப்பிரிக்காவின் புதுக் கொட்டை சந்தைக்கு வரத் தொடங்கும். அதற்கு முன் ஆலைக்கு ஆலை ஒரே ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: ஒப்பந்த நாளில் எத்தனை சதவீதம் பூட்டுவது, மிச்சத்தை எப்போது, யார் கையெழுத்துப் போடுவது. பாதியில் தொடங்கினால்கூடப் போதும். எழுதிய தாளோடு வாருங்கள், கணக்கில் அதை எப்படிக் கொண்டுவருவது என்று கூட உட்கார்ந்து பார்க்க நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க் கணக்கர் ஒருவர்