பதுவைக்கு ஒரு பார்சல்

மரியே வாழ்க

தூத்துக்குடி,
திங்கட்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். மழை இன்னும் பிடிக்கவில்லை, இதோ அதோ என்று மூடிக்கொண்டு நிற்கிறது. நேற்று அங்கே இத்தாலியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்களாமே. இனி நமக்குள் நாலரை மணி நேர வித்தியாசம். அம்மாவிடம் சொன்னதற்கு, "இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிட்டாளா" என்றாள். அவளைத்தான் உனக்குத் தெரியுமே.

இதைத் தாளில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். முப்பத்தாறு வருஷம் தபால் துறையில் இருந்தவன், பெற்ற மகளுக்கு எழுதுகிற கடிதத்துக்கு ஸ்டாம்ப் ஒட்ட வழியில்லை. முகவரி கேட்டு இதோடு ஐந்தாவது தடவை. "அனுப்புறேன்ப்பா" என்கிறாய். முகவரி வருவதில்லை, போட்டோ வருகிறது.

போட்டோவைக் குறை சொல்லவில்லை. அந்தச் சின்னக் கோயிலுக்குள் ஓவியர் ஜோத்தோ 1305 வாக்கில் வரைந்த நீலத்தை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் உட்கார வைப்பார்கள், நம் மேலிருக்கும் தூசியும் ஈரமும் அடங்கிய பிறகு கால் மணி நேரம் உள்ளே விடுவார்கள் என்று எழுதியிருந்தாய். தங்கத்தேர் அன்றைக்குப் பனிமய மாதா கோயிலில் இப்படி ஒரு ஏற்பாடு செய்தால் என்ன ஆகும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பென்ஷன்காரர்கள் கூட்டத்தில் உன் பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான் பேச்சு. 1222ல் ஆரம்பித்தது, கலிலியோ பதினெட்டு வருஷம் பாடம் சொன்ன இடம் என்றேன். யாரும் பெரிதாக அசையவில்லை. உலகத்திலேயே முதன்முதலாக ஒரு பெண் டாக்டர் பட்டம் வாங்கியது அங்கேதான், 1678ல், என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இறையியலில் கேட்டாளாம், ஆயர் ஒத்துக்கொள்ளாமல் தத்துவத்தில் கொடுத்தார்களாம், அவள் சிலை மாடிப்படிக்குக் கீழே நிற்கிறதாம் என்று நீ சொன்னதையெல்லாம் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்ததுபோல் சொன்னேன். "உங்க பொண்ணுக்கும் ஒரு சிலை வைப்பாங்க" என்றார் பழைய போஸ்ட்மாஸ்டர். கேலிதான். இருந்தாலும் எல்லோருக்கும் டீ நான் வாங்கிக் கொடுத்தேன்.

சரி. ஐந்து வாரத்தில் வெரோனா, விசென்சா, ஃபெராரா, பொலோனியா, வெனிஸ் இரண்டு தடவை. வகுப்பு எப்போது நடக்கிறது பாப்பா? உன்னைப் படிக்கத்தானே அனுப்பினோம்? பெரியத்தை மகன் ஜெர்மனிக்குப் போய் முதல் ஆறு மாதம் லைப்ரரியைத் தவிர எதையும் பார்க்கவில்லையாம். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம், அது வேறு.

ராத்திரி ஏதாவது சூடாகச் சாப்பிடு. காதை மூடிக்கொள். பாஸ்போர்ட்டைப் பையின் வெளி ஜிப்பில் வைக்காதே, உடம்போடு வை.

குடியிருப்பு அனுமதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றாய், சந்தோஷம். போய்ச் சேர்ந்து எட்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும், அதையும் தபால் ஆபீசில்தான் வாங்குகிறார்கள், பதினாறு யூரோவுக்கு ஒரு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று கேட்டபோது எனக்கு ஒரே பெருமை. போலீஸ் பார்க்கிற வேலைக்கும் தபால்காரன்தான் வாசல். ஆனால் அந்தப் படிவத்தில் தங்குமிடம் என்று ஒரு கட்டம் இருந்திருக்குமே, அதில் என்ன எழுதினாய்? அதையே எனக்கும் எழுதினால் போதும். உதவித்தொகைக்குக்கூட, பத்து மாத வாடகை ஒப்பந்தம் காட்டினால்தான் வெளியூர் மாணவர் கணக்கில் முழுத் தொகை என்று நீதான் இங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டாய். அதைக் கொடுத்தாயிற்றா? நான் மிரட்டவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அம்மா பார்சல் கட்டி வைத்துப் பத்து நாளாகிறது. பருப்புப்பொடி, இட்லிப்பொடி, முறுக்கு, சுக்கு. நெய்யைக் கையிலிருந்து பிடுங்கி வெளியே வைத்தேன். பாலில் செய்தது எதையும் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். மக்ரூன் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன், சுங்கத்தைத் தாண்டினாலும் மாவாகத்தான் வந்து சேரும். டப்பாவில் பெறுநர் என்று எழுதி, கீழே நாலு விரல் அகலத்துக்கு வெறுமனே விட்டிருக்கிறேன். டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிறது.

நீ பாதொவா என்கிறாய், அம்மாவுக்கு அது பதுவைதான். கோடி அற்புதர் ஊருக்கே மகள் போயிருக்கிறாள், இனி என்ன குறை என்று உன்னை ரயிலேற்றிவிட்ட மறுநாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். 1263ல் கல்லறையைத் திறந்தபோது அந்தோணியாருடைய நாக்கு மட்டும் அழியாமல் இருந்தது, அது இன்னும் அங்கேயே இருக்கிறது என்ற கதையைத் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. நீ கல்லறைக் கல்லில் கை வைத்து நிற்கிற போட்டோதான் இப்போது அவள் போனில் முகப்பு. போன செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்து உவரிக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள். காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிறவர் ஆயிற்றே, என்ன காணாமல் போனது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

விசென்சாவில் எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறதே, 1585ல் கட்டிய நாடக அரங்கம், மரத்தால் செய்த தெருக்கள் மேடைக்குப் பின்னால் உள்ளே உள்ளே போகிற மாதிரி. நல்ல போட்டோ. அந்தத் தெரு நிஜத்தில் அவ்வளவு ஆழம் இல்லை, பார்க்கிற கண்ணுக்கு நீளமாகத் தெரியும்படி சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நான் தெருவைப் பார்க்கவில்லை. உன் காலடியில் கிடந்த பையைப் பார்த்தேன். ஜிப் முழுசாக மூடவில்லை, இரண்டு விரல் அளவுக்குக் கறுப்பாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். நம் மூன்று லிட்டர் குக்கரின் கைப்பிடி. திருகாணி போய் அம்மா கம்பி சுற்றிக் கொடுத்தாளே, அந்தக் கம்பியும் தெரிந்தது.

காலையில் போய் சாயங்காலம் திரும்புகிற ஊருக்கு யாரும் குக்கரைத் தூக்கிக்கொண்டு போவார்களா பாப்பா?

அதற்குப் பிறகுதான் வீடியோ காலில் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு நாள் மஞ்சள், ஒரு நாள் வெள்ளை, ஒரு நாள் உன் தலைக்கு மேலே இன்னொரு கட்டிலின் கம்பி. அம்மாவிடம் சொல்லவில்லை. அவளும் என்னிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

பொலோனியாவில் தெருவுக்குத் தெரு தாழ்வாரம், எல்லாம் சேர்த்தால் 62 கிலோமீட்டர், கொட்டுகிற மழையிலும் நனையாமல் ஊரைச் சுற்றலாம் என்று சந்தோஷமாகத்தான் எழுதியிருந்தாய். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவுக்கும் முழுசாகத் தெரியாது.

1985ல், இலாகாவில் சேர்வதற்கு முந்தின வருஷம், நான் மெட்ராஸில் ஒரு அச்சாபீஸில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தேன் என்றும் சொல்லியிருக்கிறேன். மேன்ஷனில் இருந்தது இரண்டு மாதம். வேலை போனது, வாடகை நின்றது, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்லிவிட்டார்கள். இருபத்து மூன்று ராத்திரி எழும்பூர் ஸ்டேஷனில் படுத்தேன். பெட்டிதான் தலையணை. விடியற்காலை நாலு மணிக்குப் போலீஸ்காரர் லத்தியால் உள்ளங்காலில் தட்டுவார். வலிக்காது, ஆனால் அந்தத் தட்டு வரப்போகிறது என்று மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும்.

பகலில் உட்கார இடம் வேண்டுமே. மெட்ராஸில் நான் பார்க்காத இடம் கிடையாது. செத்த காலேஜ் என்று சொல்வார்களே, எழும்பூர் மியூசியம், அங்கே தொங்குகிற திமிங்கில எலும்பை எண்ணவே எண்ணியிருக்கிறேன். சாந்தோம், மெரினா, கன்னிமாரா லைப்ரரி. தாத்தாவுக்கு எழுதிய கடிதமெல்லாம் இதுதான். இன்று இதைப் பார்த்தேன், நேற்று அதைப் பார்த்தேன் என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். முகவரிக்கு ஒரு டீக்கடையைக் கொடுத்திருந்தேன். லெட்டர் வந்தால் வாங்கி வைப்பார்கள்.

தாத்தா உப்பளத்துக் கூலியில் மிச்சம் பிடித்து 150 ரூபாய் மணியார்டர் அனுப்பினார். மணியார்டரை ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பெறுபவர் இந்த முகவரியில் இல்லை என்று எழுதித் திரும்பிப் போய்விட்டது. நாலாம் நாள் தாத்தாவே ரயிலேறி வந்துவிட்டார்.

எதிர்ச்சாரியில் இருந்து பார்த்தேன். டீக்கடை வாசலில் நிற்கிறார். தோளில் துண்டு, கையில் மஞ்சப்பை, காலில் அவருடையது இல்லாத ஒரு செருப்பு. கடைக்காரர் கையை விரித்து ஏதோ சொல்கிறார். தாத்தா தலையை ஆட்டிக்கொண்டே கேட்கிறார். நான் கூப்பிட்டிருக்கலாம், இருபது அடி தூரம்தான். கூப்பிடவில்லை. நிறுத்தியிருந்த தள்ளுவண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். சட்டை அழுக்கு. இந்தக் கோலத்தில் எப்படி அவர் முன்னால் போய் நிற்பது என்ற ஒரே நினைப்பு. மூன்று மணி நேரம் அந்த வாசலில் இருந்தார். ஒரு டீ குடித்தார். பையைக் கடையில் கொடுத்துவிட்டு, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனார். பையில் முறுக்கும், பேப்பரில் மடித்த 150 ரூபாயும் இருந்தன.

அன்றைக்கு ராத்திரி நான் எழும்பூர் பக்கம் போகவில்லை. ஊருக்குத் திரும்ப அங்கேதான் ரயிலுக்குக் காத்திருப்பார் என்று தெரியும். கடற்கரையில் படுத்தேன்.

சாகிறவரைக்கும் தாத்தா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சர்வீஸில் எத்தனையோ மணியார்டரைத் திருப்பியிருக்கிறேன். அந்த வாசகத்தை எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தச் செருப்புதான் ஞாபகம் வரும். யாரிடம் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாரோ.

ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்றும்போது, "அப்பா, அங்க ரூம் கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம்னு சொல்றாங்க" என்றாய். "எத்தனை ஆயிரம் பிள்ளைங்க படிக்குது, எல்லாம் தெருவிலயா படுக்குது" என்று நான் சொன்னேன். பக்கத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள், சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். இருபத்து மூன்று ராத்திரி பிளாட்பாரத்தில் கிடந்தவன் பேசுகிற பேச்சா அது? அதற்குப் பிறகு நீ என்னிடம் எப்படிச் சொல்வாய்? என் மேல் தப்பு பாப்பா.

நான் எதையும் கேட்கவில்லை. உன் கணக்கில் எண்பதாயிரம் போட்டிருக்கிறேன், எங்கிருந்து என்று நீயும் கேட்காதே. வளையல் எதுவும் அடகுக்குப் போகவில்லை, அம்மா மேல் சத்தியம். அட்வான்ஸ் என்று யார் கேட்டாலும் வீட்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் அனுப்பிவிடாதே. இரண்டு பேராகப் பங்கு போட்டாலும் பரவாயில்லை, ஊருக்கு வெளியே என்றாலும் பரவாயில்லை. அந்தோணியார் கோயிலில் நம்மூர்ச் சாமியார், கன்னியாஸ்திரி யாராவது வந்துபோவார்கள், ஒரு வார்த்தை கேட்டுப் பார். கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை. இதை நான் சொல்வது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பார்சலுக்கு ஒரு வழி இருக்கிறது, இவ்வளவு நாள் ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. முகவரி நிலையாக இல்லாதவர்களுக்காகவே தபாலில் ஒரு ஏற்பாடு உண்டு. பெயரையும் தபால் ஆபீஸையும் மட்டும் எழுதினால் போதும், சரக்கு அங்கேயே காத்திருக்கும், ஆள் வந்து வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் போஸ்ட் ரெஸ்டான்ட் என்போம். அங்கே ஃபெர்மோபோஸ்தா என்று பெயர். கப்பல்காரர்களுக்கு இங்கே இப்படி எத்தனையோ எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

நீ அடிக்கடி போய்வருகிற பக்கத்தில் எந்தத் தபால் ஆபீஸ் என்று மட்டும் எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம். இல்லை, சொல்லத் தோன்றினால் எந்த நேரமானாலும் கூப்பிடு, நான் மூன்று மணிக்கே விழித்துக்கொள்வேன். பார்சலை வாங்கப் போகும்போது பாஸ்போர்ட் கேட்பார்கள். உடம்போடு வை.

முறுக்கு கொஞ்சம் நமுத்துவிட்டது. அம்மா நாளைக்குப் புதுசாகச் சுடப்போகிறாள்.

அன்புடன்,
அப்பா