டோக்கியோ ரோஸ்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். பசிபிக் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் மன உறுதியை டோக்கியோ ரோஸின் குரல் குலைத்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நீ மாற்ற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்தப் பெயரில் ஜப்பானிய வானொலியில் எவரும் பேசியதில்லை. ஆங்கிலத்தில் பேசிய பல பெண்களுக்கும் பொதுவாகச் சிப்பாய்களே வைத்த பட்டப்பெயர் அது. பழியைச் சுமந்தவரோ ஐவா டோகுரி என்ற ஒருவர்தான். லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த அவர், நோயுற்ற உறவினரைப் பார்க்க 1941இல் ஜப்பான் சென்று, போர் மூண்டதால் திரும்ப வழியின்றிச் சிக்கிக்கொண்டார். அமெரிக்கக் குடியுரிமையைத் துறக்கும்படி நெருக்கியபோதும் மறுத்துவிட்டார். ரேடியோ டோக்கியோவில் தட்டச்சராக இருந்த அவரை 1943இல், அமெரிக்கச் சிப்பாய்களைக் குறிவைத்து ஒலிபரப்பான 'ஜீரோ அவர்' என்ற பிரச்சார நிகழ்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தவர், அங்கே போர்க்கைதியாக இருந்த ஆஸ்திரேலிய மேஜர் சார்லஸ் கசன்ஸ். பிரச்சாரத்தைக் கேலிக்கூத்தாக்குவதே தன் நோக்கமாக இருந்தது என்று அவரே பின்னர் ஐவாவுக்காகச் சாட்சி சொன்னார்.

'அனாதை ஆன்' என்ற பெயரில் ஐவா பேசியது சில நிமிடங்கள், மற்றபடி இசைத்தட்டுகள். தீவுகளில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த இளைஞர்களுக்கு அந்தப் பாட்டுகள் வீட்டு நினைவைக் கொடுத்திருக்கும், ஏக்கத்தையும் கிளறியிருக்கும். ஆனால் வீட்டை நினைத்து ஏங்குகிறவன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிடுவான் என்று கருதியதுதான் ஜப்பானியர் போட்ட தப்புக்கணக்கு என்பது என் எண்ணம். அந்நிகழ்ச்சியால் மன உறுதி குறையவில்லை, சற்று உயர்ந்தும் இருக்கலாம் என்று அமெரிக்கப் படைத்துறையின் ஆய்வே கருதியது.

அப்படியிருந்தும் 1949இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர்மீது தேசத்துரோக வழக்கு நடந்தது. எட்டுக் குற்றச்சாட்டுகளில் ஏழு நிற்கவில்லை. கப்பல்களை இழந்தது பற்றி ஒலிவாங்கியில் பேசினார் என்ற ஒன்றுக்காகப் பத்து ஆண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு மேல் அவர் உள்ளே இருந்தார். முக்கியச் சாட்சிகள் இருவர், தங்களை மிரட்டிப் பொய் சொல்ல வைத்ததாக 1976இல் ஒப்புக்கொண்டார்கள். மறு ஆண்டு ஜனவரியில் அதிபர் ஃபோர்டு அவருக்கு மன்னிப்பு வழங்கினார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

கட்டுரையில் அவருடைய இயற்பெயரையே எழுது. அந்தச் சாட்சிகளைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்து, திருத்திய படியை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா