வலது பக்கமாக வந்து பேசியவர்களுக்கு

காவேரிப்பட்டணத்துச் சொந்தபந்தங்களுக்கும், என் தையல் கடைக்கு வரும் எல்லோருக்கும் வணக்கம்.

ஆபரேஷன் சமயத்தில் ரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், கைமாற்றாகப் பணம் தந்தவர்களுக்கும் அப்போதே வீடு வீடாகப் போய் நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல் அதற்கு அப்புறம் வந்த வருடங்களுக்கானது. கட்டியை எடுத்தாயிற்று, தையல் பிரித்தாயிற்று, இனி என்ன என்று ஊர் நினைத்தபோது, இவளுக்கு இன்னும் முடியவில்லை என்று புரிந்துகொண்ட சிலருக்கு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 அக்டோபரில் பெங்களூரில் ஆபரேஷன். இடது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் 3 சென்டிமீட்டர் கட்டி. அக்கூஸ்டிக் நியூரோமா என்பார்கள். புற்றுநோய் இல்லை. ஆனால் காது கேட்கும் நரம்பு, உடம்பை நிலையாக நிறுத்தும் நரம்பு, முகத்தை அசைக்கும் நரம்பு எல்லாம் அந்த இடத்தில் ஒட்டியபடிதான் போகின்றன. உயிர் பிழைத்தேன். இடது காது போனது, வாய் வலப்பக்கம் கோணியது, இடது கண் முழுதாக மூடாது. முக நரம்போடு ஒட்டியிருந்த ஒரு துணுக்கை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அதைக் கண்காணிக்க வருடா வருடம் எம்.ஆர்.ஐ.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது வலி. காதுக்குப் பின்னால் தையல் போட்ட இடத்தில் கிளம்பிப் பின்மண்டை வழியாக உச்சிக்கு ஏறும். இருமினால் வரும், குனிந்தால் வரும், பஸ் ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் வரும். மார்கழிப் பனி தனிக் கணக்கு. தழும்பை முடி மறைத்துவிடுவதால் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "ஸ்கேன் நல்லா இருக்கு, எல்லாம் மனசுதாம்மா" என்று ஓரிடத்தில் சொல்லி அனுப்பினார்கள். அன்று திரும்பி வரும்போது, ஒருவேளை நான்தான் நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதனால் முதல் நன்றி வலிக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவுக்கு. பின்கழுத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். நான் துள்ளினேன். "இங்கதானே?" என்றார். அவ்வளவுதான், அழுதுவிட்டேன். தழும்பில் நரம்பு சிக்கியிருக்கிறது, வெட்டிய தசையும் இறுகியிருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். முழுதாகப் போக்க முடியாது, பத்துக்கு எட்டாக இருப்பதை நாலுக்குக் கொண்டுவரலாம் என்றார். ஐந்தில் நிற்கிறது. பரவாயில்லை டாக்டரம்மா.

மெடிக்கல் கடை அண்ணனுக்கு நன்றி. நரம்பு வலிக்கு நான் சாப்பிடும் கபாபென்டின் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஒரு பொங்கலன்று மாத்திரை தீர்ந்துபோய், சீட்டோடு வாசலில் நின்றேன். வேட்டியை மடித்துக் கட்டியபடியே வந்து ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டார். கண்ணுக்கான ஜெல்லையும், ராத்திரி இமையை ஒட்டும் டேப்பையும் நான் கேட்காமலே எடுத்து வைத்திருப்பார்.

வீடு தேடி வந்து வைத்தியம் பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண், தன் நெற்றிப் பொட்டை எடுத்துச் சுவரில் ஒட்டி, "கண்ணு பொட்டுலயே இருக்கணும், தலை மட்டும் இடமும் வலமும் திரும்பணும்" என்றாள். முதல் நாள் நாலே முறை. வாந்தி வந்தது. இப்போது இரண்டு நிமிடம் செய்கிறேன். வெள்ளையடித்தபோதும் அந்தப் பொட்டைச் சுற்றித்தான் அடிக்கச் சொன்னேன்.

என் நாத்தனாருக்கு என்ன எழுத? சமநிலை நரம்பு ஒரு பக்கம் போனதால் கண்ணை நம்பித்தான் நிற்கிறேன். கரண்ட் போனால் சரிந்துவிடுவேன். கரண்ட் போன அடுத்த நொடி "அப்படியே நில்லு" என்று குரல் வரும், பின்னாலேயே டார்ச் வரும். ஒற்றைக் காதில் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றுகூடத் தெரியாது. நின்றுவிடுவேன். அப்புறம் அந்தக் களி. சோறு என்றால் இடது கன்னத்தில் தங்கிவிடும், விரல் விட்டு எடுக்க வேண்டும். களியை மெல்லாமல் விழுங்குவதுதானே வழக்கம்! எனக்காக வீடே ராத்திரியில் களிக்கு மாறிவிட்டது. பிள்ளைகள் முணுமுணுப்பதும் கேட்கிறது, வலது காதில்.

தச்சு வேலை செய்யும் தம்பி, தையல் மிஷினின் பின்கால்களுக்குக் கட்டை வைத்து, என் பக்கமாகச் சற்றே சாய்த்துக் கொடுத்தான். அதிலிருந்து கழுத்தைக் குறைவாகக் குனிந்தால் போதும். கூலி வாங்கவில்லை, ஒரு பை பெங்களூரா மாங்காய் வாங்கிக்கொண்டான். முன்பு ஒரு நாளைக்கு ஆறு ஜாக்கெட் தைத்தவள் இப்போது இரண்டு. தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு துணி கொடுக்கிறீர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

வாய் கோணலைப் பார்த்து, பேயடித்ததா என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி இன்னொரு நாள்.

கடைக்கு வருபவர்கள் வலது பக்கமாக வந்து கூப்பிடுங்கள். தீபாவளி ஜாக்கெட் துணிகளைப் புரட்டாசி பிறந்ததுமே கொடுத்துவிடுங்கள். அளவு ஜாக்கெட்டும் கூடவே.