காட்டுச் சேவலின் கழுத்து இறகு

அன்புள்ள முருகேசு,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. தேன்மொழி கல்யாணத்துக்கும் வரவில்லை. திட்டு, கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலி பரவாயில்லை.

போன குளிர்காலத்திலிருந்து ஈ கட்டக் கற்றுக்கொள்கிறேன். தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றி, ட்ரவுட் மீன் நம்பும்படி ஒரு பூச்சியைச் செய்வது. இங்கே இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஆறுகளில் ட்ரவுட் பிடிக்க மார்ச் 25 முதல் செப்டம்பர் 30 வரைதான் அனுமதி. மற்ற மாதங்களில் விளக்கடியில் இதே வேலை.

சொல்லிக்கொடுப்பவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், வார்ஃப் ஆற்றங்கரையில் வளர்ந்தவர். இந்தப் பக்கத்துப் பழைய ஈயான ‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்’தான் முதல் பாடம். ஆரஞ்சுப் பட்டு நூலில் உடம்பு, கழுத்தில் கவுதாரி இனத்து இறகு ஒன்று. அவ்வளவுதான். அதற்கே எனக்கு மூன்று மாதம் ஆனது. இறகை நாலு சுற்று சுற்றினேன். அடர்த்தியாக, அழகாகத்தான் இருந்தது. பெரியவர் அதைத் தண்ணீர் டம்ளரில் போட்டுக் கலக்கினார். துடைப்பம் மாதிரி விறைத்து நின்றது. அவர் இரண்டே சுற்றில் கட்டியதைப் போட்டார். ஒவ்வொரு இழையும் பூச்சிக் கால் போல உதைத்தது!

அப்புறம் தலை. தூண்டில் நரம்பு கோக்க வேண்டிய முள்ளின் காதையே நூலால் அடைத்துவிடுவேன். இப்போது தொடங்கும்போதே காதின் அகலத்துக்கு வெறும் முள்ளை விட்டுவைக்கிறேன். ஒரே ஈயைப் பன்னிரண்டு கட்டி வரிசையாக வைக்கச் சொல்வார். ஐந்தாவதிலிருந்து கை நிதானத்துக்கு வரும். சரியில்லாததை பிளேடால் அறுத்துவிட்டு அதே முள்ளில் மறுபடி கட்டுவேன். ஃப்ராங்க் சாயர் என்ற ஆற்றுக் காவலர் நூலே இல்லாமல், ஃபெசன்ட் பறவையின் வால் இறகை மெல்லிய செம்புக் கம்பியால் கட்டினார். கட்டும் அதுதான், எடையும் அதுதான். என்ன யோசனை பார்!

செப்டம்பர் கடைசியில் என் ஈயில் ஒரு ட்ரவுட் ஏறியது. தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி விட்டேன். அமராவதி வாய்க்காலில் நீ கெண்டை என்று தவளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாளுக்குப் பிறகு இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. போன ஞாயிற்றுக்கிழமை பெரியவர் சால்மன் மீன் பிடிக்கத் தன் அப்பா வைத்திருந்த ஈப் பெட்டியைத் திறந்தார். அதில் ‘ஜாக் ஸ்காட்’ என்ற ஈ. இரு பக்கமும் கண் வைத்த மாதிரி ஓர் இறகு. கறுப்பில் வெள்ளையும் மஞ்சளுமாக, மெழுகுப் பொட்டு. “ஜங்கிள் காக், தென்னிந்தியப் பறவை” என்றார். முருகேசு, அது உன் வால்பாறை குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தேயிலைக்குள் ஓடுமே, அந்தச் சாம்பல் காட்டுச் சேவல்! இந்தக் கழுத்து இறகுக்காகவே அதைக் கொன்று கப்பலேற்றியிருக்கிறார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்று வளர்ப்புச் சேவல் இறகு இருக்கிறது. எனக்கு அதையும் தொட மனமில்லை.

கீழே கிடந்தால்கூட இறகை எடுத்து அனுப்பிவிடாதே. 1972 வனவிலங்குச் சட்டம் காக்கும் பறவை அது. காலையில் சேவல் வெளியே வரும்போது கழுத்து தெரிகிற மாதிரி ஒரு படம் மட்டும் எடுத்து அனுப்பு. அந்தப் பொட்டுகளைப் பறவையின் மேலேயே பார்க்க வேண்டும்.

உன்,
சேகர்