மகனுக்கு: மீட்டர் போர்டு அணைந்து எரிவது குறித்து

அன்புள்ள மகனுக்கு,

உன் குரல் செய்தியைக் கேட்டேன். அதில் நீ வண்டியைப் பற்றி மட்டுமே பேசியிருந்தாய். ஆகவே நானும் வண்டியைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். பள்ளத்தில் இறங்கும்போதும், சில சமயம் வளைவில் திரும்பும்போதும், மீட்டர் போர்டில் எல்லா முட்களும் ஒரே நேரத்தில் சுழிக்கு விழுகின்றன, எச்சரிக்கை விளக்குகள் அத்தனையும் சேர்ந்து எரிகின்றன, பிறகு தானாகவே சரியாகிவிடுகிறது என்றாய். "பெரிதாக ஒன்றுமில்லை அப்பா" என்று முடித்தாய். தானாகச் சரியாகிற கோளாறைக் கண்டுதான் நான் தொழிலில் இருந்த காலமெல்லாம் பயந்திருக்கிறேன். ஒரேயடியாகச் செத்துவிட்ட சர்க்யூட்டைத் தேடிப் பிடிப்பது எளிது. விட்டுவிட்டு வருவதோ, நாம் பார்க்கும்போது ஒழுங்குப் பிள்ளையாக இருந்துவிட்டு, ஆளில்லாத சாலையில்தான் தன் குணத்தைக் காட்டும்.

ஒரு முள் மட்டும் தவறாகக் காட்டினால் அந்த முள்ளுக்கு உரிய சென்சாரையோ அதன் கம்பியையோ சந்தேகிக்க வேண்டும்; பெட்ரோல் முள் என்றால் டேங்கில் இருக்கும் மிதவை, சூட்டு முள் என்றால் என்ஜினில் செருகியிருக்கும் சென்சார். எல்லாமே ஒன்றாக விழுகிறபோது, அத்தனை சென்சார்களும் ஒரே நொடியில் பேசி வைத்துக்கொண்டா கெட்டுப்போகும்? அவை அனைத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்று அறுந்து அறுந்து சேர்கிறது என்றுதான் பொருள். மீட்டருக்குப் பொதுவானவை சிலவே: பேட்டரியிலிருந்து எந்நேரமும் வரும் மின்சாரம், சாவியைத் திருப்பிய பிறகு வரும் மின்சாரம், எர்த் (மின்சாரம் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை), வண்டியின் மற்றக் கணினிகளோடு அது பேசிக்கொள்ளும் இரட்டைப் பின்னல் கம்பி. நீ சொல்லாமல் விட்ட ஒன்று இங்கேதான் தேவைப்படுகிறது. முட்கள் விழுந்த அந்த நொடியில் என்ஜின் இடறாமல் ஓடியதா, அல்லது அதுவும் ஒரு குலுக்குக் குலுக்கியதா? இடறாமல் ஓடியிருந்தால் கோளாறு மீட்டருக்கு வரும் வழியில் மட்டும் இருக்கிறது. என்ஜினும் குலுங்கியிருந்தால் அது இன்னும் மேலே, பேட்டரி முனையிலோ, இக்னிஷன் சுவிட்சிலோ, பாடிக்குப் போகும் தடித்த எர்த் கம்பியிலோ இருக்கிறது. அப்படியானால் முகப்பு விளக்கும் ஒரு நாள் கூடவே அணையும். அதனால்தான் இரவில் ஓட்டாதே என்கிறேன். வேறு எதற்காகவும் சொல்லவில்லை.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளக்குகள் எரிவதைக் காட்டத்தான் நீ அதை எடுத்தாய். ஆனால் மீட்டருக்குள் இருக்கும் கடிகாரமும் அதில் விழுந்திருக்கிறது, 2.10 என்று. வெளியே இருட்டு. இதைப் பற்றி நெடுநேரம் யோசித்தேன், ஓர் எலக்ட்ரீஷியனாகத்தான் யோசித்தேன். பெரும்பாலான வண்டிகளில் கடிகாரம் பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரத்தில் ஓடுகிறது. அந்த மின்சாரமோ எர்த்தோ விட்டுப்போனால் நேரம் அழிந்து முதலிலிருந்து தொடங்கும். ஆகவே உன் கடிகாரம் தவறான நேரத்தைக் காட்டியிருந்தால், பாதி வேலை முடிந்தது; எந்நேர மின்சாரத்தின் ஃபியூஸையும் எர்த்தையும் பார்த்தால் போதும். கடிகாரம் சரியான நேரத்தைத்தான் காட்டியது என்றால் அந்த இரண்டின் மேலும் பெரும்பாலும் பழி இல்லை, சாவி வழியாக வரும் மின்சாரத்தையோ பின்னல் கம்பியையோ தேட வேண்டும். எது என்று எனக்கு எழுது. கடிகாரம் தவறு என்று நீ எழுதினால் நான் மகிழ்வேன், ஏனெனில் எர்த்தைச் சரிசெய்வது எளிது.

ஆனால் ஓடிய கிலோமீட்டர் அப்படி அழிவதில்லை. பேட்டரியைக் கழற்றிப் போட்டாலும் அழியாத நினைவகத்தில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். நீ கடைசியாக வந்தபோது, உன் வண்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டு அந்த எண்ணை நான் பார்த்திருந்தேன். அதற்கும் இந்தப் படத்தில் தெரியும் எண்ணுக்கும் இடையில் உள்ள தூரம், வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போய்வருகிற ஒருவன் ஓட்டுகிற தூரம் அல்ல. அதை மின்கோளாறு என்று நான் சமாதானம் செய்துகொள்ள வழியில்லை. ஆகவே அதைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

படத்தின் ஓரத்தில் இரண்டு போன் தாங்கிகள் தெரிகின்றன. சென்ற முறை ஒன்றுகூட இல்லை. அவற்றுக்குச் செல்லும் சார்ஜர் கம்பி சிகரெட் லைட்டர் துளைக்குப் போகாமல், ஸ்டியரிங்குக்குக் கீழே, ஃபியூஸ் பாக்ஸ் இருக்கும் பக்கம் நுழைகிறது. யார் இழுத்துக் கொடுத்தார்கள் என்று கேட்கமாட்டேன், எதற்கு இரண்டு போன் என்றும் கேட்கமாட்டேன். சார்ஜர் இழுக்கும் மின்சாரம் மிகச் சிறியது. 10 வாட் சார்ஜர் பேட்டரியிலிருந்து ஓர் ஆம்பியர்கூட எடுப்பதில்லை, அதனால் வண்டிக்கு ஒரு கேடும் இல்லை. கேடு, அதை எங்கே, எப்படிச் சேர்த்தார்கள் என்பதில் இருக்கிறது. மீட்டருக்குப் போகும் கம்பியின் உறையைச் சீவி, அதில் முறுக்கி, டேப் சுற்றியிருந்தால், வெயிலில் டேப்பின் பசை இளகும், குலுக்கலில் முறுக்கு தளரும், கூடவே மீட்டரின் கம்பியும் அங்கே இழை இழையாக அறுந்துகொண்டிருக்கும். எர்த்துக்காக, மீட்டரின் எர்த் வந்து சேரும் போல்ட்டையே தளர்த்திச் செருகியிருந்தாலும் இதே கதைதான். கோளாறு தொடங்கியது அந்தக் கம்பி வந்த பிறகா, முன்பா என்பதை நினைத்துப் பார். தொழிலில் நான் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் இதுதான்: கடைசியாக வண்டியில் கை வைத்தது யார், எதற்காக?

எனவே வேறு எதையும் தொடுமுன் அந்தச் சார்ஜர் இணைப்பை முழுவதும் எடுத்துவிட்டு ஓட்டிப் பார். சரியாகிவிட்டால் சார்ஜரை லைட்டர் துளையில் செருகி வைத்துக்கொள். அல்லது தனி ஃபியூஸோடு முறையாக ஒரு லைன் இழுக்கச் சொல். ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது என்று யாராவது பெரிய ஃபியூஸ் போடச் சொன்னால் கேட்காதே. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. மூடியின் உட்புறம் எந்த இடத்துக்கு எது என்று அச்சிட்டிருக்கும், அதற்கு மேல் ஒன்றும் போடாதே. 10 ஆம்பியருக்கு இழுத்த கம்பியில் 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், ஃபியூஸ் உருகுமுன் கம்பி உருகும், அதுவும் நம் கண்ணுக்குத் தெரியாத டேஷ்போர்டின் வயிற்றுக்குள்.

சார்ஜரை எடுத்தும் போகவில்லை என்றால் பேட்டரி முனைகளைக் கையால் திருகிப் பார். கையால் அசைகிறது என்றாலே அது தளர்வுதான். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றிச் சுரண்டு. கழற்றும்போது முதலில் நெகட்டிவ், பூட்டும்போது கடைசியில் நெகட்டிவ். வண்டி இரவெல்லாம் சும்மா நின்ற பிறகு (நிற்கிறதோ இல்லையோ) பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. என்ஜின் ஓடும்போது பொதுவாக 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஓடும்போதும் 12.5 தாண்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. அந்த நிலையில் மீட்டர் பைத்தியக்காரத்தனமாக நடப்பதில் வியப்பில்லை, வோல்ட் இறங்கினால் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக உளறத் தொடங்கும்.

அடுத்து எர்த். இதை மட்டும் பொறுமையாகச் செய். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து "தொடர்பு இருக்கிறது" என்று ஏமாந்துவிடாதே. இருபது இழைகளில் ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் சுழியைத்தான் காட்டும், ஆனால் அந்த ஓர் இழையால் சுமை தாங்க முடியாது. முகப்பு விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, டிசி வோல்ட்டில் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை மீட்டரின் எர்த் கம்பியிலும் வை. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.2ஐத் தாண்டினால் வழியில் எங்கோ துருவோ தளர்வோ உட்கார்ந்திருக்கிறது. தன் வீட்டுப் பாதை அடைபட்டவன் பக்கத்து வீட்டு முற்றத்தின் வழியாகப் போவதைப் போல, எர்த் கெட்ட சர்க்யூட்டின் மின்சாரம் அடுத்த சர்க்யூட்டின் வழியாகத் திரும்பும். அதனால்தான் இண்டிகேட்டர் போட்டால் வேறொரு விளக்கு மினுக்கும்.

இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. பழைய வேனில் பிரேக்கை மிதித்தால் மீட்டர் விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது, நானும் உன் சித்தப்பாவும் வயரிங் முழுவதையும் பிரித்துப் போட்டு விழித்துக்கொண்டிருக்க, டார்ச் பிடித்துக்கொண்டிருந்த நீதான், எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் இருக்கிறதே என்றாய். சுரண்டியதும் சரியாயிற்று. சித்தப்பா இன்றும் அதைச் சொல்லாமல் ஒரு விசேஷத்துக்கும் போவதில்லை. அப்படிக் கண் உள்ளவன், டேப் சுற்றிய இணைப்போடு ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்றால், அதை உட்கார்ந்து பார்க்கவும் அவனுக்கு நேரம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நேரம் இல்லாமல் போகிற அளவுக்கு என்ன என்பதை நீயாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன்.

எர்த் நன்றாக இருந்தால், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, மீட்டருக்குப் பின்னால் போகும் வயர்க் கற்றையையும், வயர்களைச் செருகி இணைக்கும் கப்ளர்களையும் ஒவ்வொன்றாக மெல்ல அசைத்துப் பார். எதை அசைக்கும்போது முட்கள் விழுகின்றனவோ அங்கேதான் கோளாறு. கப்ளரில் பச்சை படிந்திருந்தால், முன்கண்ணாடிக்கு அடியில் நீர் வடியும் துளை இலைதழையால் அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்றும் பார். ஸ்டியரிங் பக்கம் மஞ்சள் உறையிட்ட கம்பிகளையும் மஞ்சள் கப்ளர்களையும் தொடாதே, டெஸ்ட் லாம்ப்பை அதன் அருகிலேயே கொண்டுபோகாதே; அவை ஏர்பேக்கினுடையவை. அந்தப் பகுதியைப் பிரிக்க வேண்டுமென்றால் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்துவிட்டு, தெரிந்தவரிடம் கொடு.

வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் காட்டினால், கோளாறுக் குறியீடுகளை அழிக்குமுன் எழுதித் தரச் சொல். யூ என்ற எழுத்தில் தொடங்குபவை கணினிகளுக்கு இடையே பேச்சு அறுந்ததைச் சொல்பவை. அப்படி வந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரைச் செருகும் பதினாறு துளைக் கப்ளரில் 6ஆம் துளைக்கும் 14ஆம் துளைக்கும் இடையே ஓம் அளந்து பார்க்கச் சொல். பெரும்பாலான வண்டிகளில் 60 வர வேண்டும். 120 வந்தால் பின்னல் கம்பி ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. இதையெல்லாம் பார்க்காமல் மீட்டரையே மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதே. புது மீட்டருக்குப் பல வண்டிகளில் கிலோமீட்டரையும் சாவியின் அடையாளத்தையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும், வீண் செலவு. செலவு செய்ய உன்னிடம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

விளக்குகள் ஒன்றாக எரிந்து அணைவதற்கு நீ பழகிவிட்டாய் என்பதுதான் என் பெரிய கவலை. அவற்றில் சிவப்பு எண்ணெய் விளக்கு மட்டும் தனியாக எரிந்தால், அது பழைய கோளாறுதான் என்று நினைத்து ஓட்டாதே. உடனே ஓரம்கட்டி என்ஜினை நிறுத்து. சூட்டு விளக்குக்கும் அப்படியே. சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். முதலில் எரியாத விளக்கும் கோளாறுதான். மறுபடியும் சொல்கிறேன், பெரிய ஃபியூஸ் போடாதே, சரியாகும்வரை இரவில் எடுக்காதே. இரவில்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், எடுக்காமல் இருக்க மாதம் எவ்வளவு தேவைப்படும் என்று அக்காவிடமாவது சொல். என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.

என் மல்டிமீட்டரைப் பார்சலில் அனுப்புகிறேன். புதிதாக வாங்காதே, எனக்கு இப்போது அது தேவையில்லை, நீ வரும்போது கொண்டுவந்தால் போதும். அதன் பேட்டரியை மாற்றியிருக்கிறேன். கருப்புக் கம்பியின் கழுத்தில் உறை வெடித்திருப்பதால் டேப் சுற்றியிருக்கிறேன் (நானும்தான்), அங்கே பிடிக்காதே. சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளையில் செருகிய மறதியில் பேட்டரியின் வோல்ட்டை அளந்துவிடாதே, அது நேராக ஷார்ட் செய்வதற்குச் சமம். நின்றிருக்கும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு என்ற இரண்டு எண்களையும், கடிகாரத்தைப் பற்றிய பதிலையும் எழுது.

அன்புடன்,
அப்பா